அப்பாவுக்கு யார் சொன்னது?

கேமரா வேண்டும் என்று கேட்டவள் நான்தான். 2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குக் கிளம்பிய இளம்பெண் ஒருவர் காலை வேளையில், நடைமேடையில் ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போதே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை என்பதுதான் அடுத்த சில வாரங்களுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பேச்சு. நான் அப்போது தென்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் மாணவியர் விடுதி வாசலில் சாயங்காலமானால் பைக்கில் வந்து வட்டமடிக்கும் பையன்களின் தொல்லை தாங்க முடியவில்லை. ஒருத்தியின் துப்பட்டாவை இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆசிரியைகள் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். மூன்றே வாரத்தில் கேமரா வந்துவிட்டது. நாங்கள் கேட்டு இத்தனை சீக்கிரம் நடந்த காரியம் அங்கே வேறு எதுவுமில்லை. விடுதிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி கேட்டு அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த வேகத்தைப் பார்த்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பைக் பையன்கள் யாரும் அதில் சிக்கவில்லை. இருபதடி தள்ளி நிற்கப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சிக்கியவள் எங்கள் மூன்றாமாண்டு மாணவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தோழனின் வண்டியிலிருந்து விடுதி வாசலில் இறங்கினாள். ஆறு மணிக்குள் திரும்பிவிட்டாள். பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாள். விடுதி விதி எதையும் அவள் மீறவில்லை. விடுதிக் காப்பாளர் அந்தக் காட்சியைத் திரையிலிருந்து தன் செல்போனில் படம்பிடித்து அவளுடைய அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பையன் வேறு சாதி. மறுநாள் காலையில் அப்பாவும் சித்தப்பாவும் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பையோடு படியிறங்கியவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். “மேம், அந்தக் கேமரா நீங்க கேட்டு வந்ததுதானே?” என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவளைப் போலத்தான் கேட்டாள். கடைசிப் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை.

அதன் பிறகுதான் புட்டசாமி தீர்ப்பைப் படிக்க உட்கார்ந்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு. மொத்தம் 547 பக்கம். ஆதாரை எதிர்த்து கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கின் நடுவே எழுந்த கேள்விக்கான பதில் அது. அப்படியொரு உரிமை அரசியல் சாசனத்தில் இல்லவே இல்லை என்று 2015இல் ஒன்றிய அரசு வாதாடியிருந்தது. பெண்கள், தன்பாலீர்ப்பாளர், சிறுபான்மையினர் என்று பலருக்கும் அந்தத் தீர்ப்பு பின்னாளில் ஊன்றுகோலானது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கருவைச் சுமப்பதா கலைப்பதா என்பது பெண்ணின் அந்தரங்க முடிவு என்று நீதிபதி செலமேஸ்வர் அதில் எழுதியிருக்கிறார். ஆனால் நான் சட்டம் படித்தவள் அல்ல. இலக்கியம் படித்தவள். ஒரு பிரதியைப் படிக்கும்போது அதன் நாயகன் யார், அவன் எங்கே நிற்கிறான், அவனுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று தேடிப் பழக்கம். அந்த நோக்கில்தான் இதையும் படித்தேன்.

இந்தப் பிரதியின் நாயகன் வீட்டுக்குள் இருக்கிறான். 1962ஆம் ஆண்டின் கரக் சிங் வழக்கிலிருந்தே அவன் அங்கேதான் இருக்கிறான். உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கு ஒன்றில் விடுவிக்கப்பட்ட ஆள் கரக் சிங். அதற்குப் பிறகும் போலீஸ் அவரை விடவில்லை. இரவில் வந்து கதவைத் தட்டும், கூப்பிட்டு எழுப்பும், எங்கே போகிறார் வருகிறார் என்று குறித்துக்கொள்ளும். இரவில் கதவைத் தட்டுவது மட்டும் கூடாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. பின்தொடர்வதும் குறித்துவைப்பதும் தவறில்லை என்றது. பெரும்பான்மைக்காக எழுதியவர் நம் சென்னையிலிருந்து போன நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். வீடு ஒவ்வொருவருக்கும் கோட்டை என்ற பழைய ஆங்கிலேயச் சட்ட மரபை அவர் அங்கே துணைக்கு அழைத்தார். கண்காணிப்பு முழுவதுமே தவறு என்று மாறுபட்டு எழுதிய நீதிபதி சுப்பா ராவைத்தான் இன்று எல்லோரும் கொண்டாடுகிறோம். சரிதான். இருந்தாலும் எனக்கு உறுத்துவது அந்தக் கோட்டை. கோட்டைக்குள் ராஜா தூங்குகிறார், வெளியே போலீஸ் தட்டுகிறது. உள்ளே வேறு யாரெல்லாம் இருந்தார்கள்? ராஜா விழித்திருக்கும்போது அவர்களுடைய நிலை என்ன?

அந்தரங்கம் என்ற திரையின் மறைவில்தான் ஆண் வீட்டுக்குள் அதிகாரம் செய்கிறான் என்று அமெரிக்கப் பெண்ணியச் சட்ட அறிஞர் கேதரின் மெக்கின்னன் எழுதியது 2017 தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. ‘பெண்ணிய விமர்சனம்’ என்றே ஒரு பகுதி உண்டு. வீட்டின் அந்தரங்கத்தை ஆணாதிக்கத்துக்கு மூடுதிரையாக்கக் கூடாது என்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தெளிவாகவே எழுதுகிறார். சில பத்திகள்தாம், பிறகு பிரதி மீண்டும் தன் பழைய நாயகனிடம் திரும்பிவிடுகிறது. ஒன்பது பேர் அமர்ந்த அந்த அமர்வில் ஒரு பெண்கூட இல்லை. பெண் நீதிபதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் வயதை நான் கடந்துவிட்டேன். ஆனாலும் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அந்தப் பத்திகளைப் படித்த அன்றிரவு நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஆகஸ்ட் 24க்கு எட்டு நாள் முன்னால், 2017 ஆகஸ்ட் 16 அன்று, அதே உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு உத்தரவு பிறந்தது. ஹாதியா வழக்கு. வைக்கத்தில் பிறந்து சேலத்தில் ஹோமியோபதி மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பெண். இஸ்லாத்துக்கு மாறினார், விரும்பியவரை மணந்தார். வயது 24. அப்பா நீதிமன்றம் போனார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கி அவரைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. திருமணம் போன்ற பெரிய முடிவைப் பெண் பெற்றோரின் பங்கேற்போடுதான் எடுக்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் செய்தது என்ன? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், அவருடைய திருமணத்தைப் பற்றி விசாரிக்கும்படி தேசியப் புலனாய்வு முகமைக்கு உத்தரவிட்டது. பயங்கரவாதக் குற்றங்களை விசாரிக்க 2008இல் உருவாக்கப்பட்ட முகமை ஒரு பெண் யாரைக் காதலித்தார், ஏன் காதலித்தார் என்று விசாரிக்கப் போனது. உத்தரவிட்டவர்கள் தலைமை நீதிபதி கேஹரும் நீதிபதி சந்திரசூட்டும். எட்டு நாள் கழித்து அந்தரங்கத் தீர்ப்பில் கையெழுத்திட்ட ஒன்பது பேரில் இருவர்.

இதை நான் கபட நாடகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எளிதாக இருக்கும். 2018 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஹாதியாவின் திருமணம் செல்லும் என்றது. அதற்கான காரணங்களை விளக்கியபோது, யாரை மணப்பது என்பது அந்தரங்கத்தின் மையத்தில் இருக்கிறது என்று சந்திரசூட்டே விரிவாக எழுதினார். அவர் மாறினார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு உத்தரவுகளும் ஒரே மேசையில் இருந்தன, ஒன்று மற்றொன்றை இடிக்கவில்லை. ஏன் இடிக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. ஒன்றில் அரசுக்கு எதிரே குடிமகன் நின்றான். மற்றொன்றில் அப்பாவுக்கு எதிரே மகள் நின்றாள். அரசு அப்பாவின் பக்கத்தில் நின்றது. அதற்குக் கண்காணிப்பு என்று பெயர் வரவில்லை, பாதுகாப்பு என்று பெயர் வந்தது. வைக்கத்து வீட்டைச் சுற்றிப் போலீஸ் நின்றதும் பாதுகாப்புக்காகத்தான். நவம்பர் 27 அன்று நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்டபோது, தனக்குச் சுதந்திரம் வேண்டும் என்று ஹாதியா சொன்னார். கோட்டை யாருக்குக் கோட்டை, யாருக்குச் சிறை என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

கோட்டைக் கதவை ஒரு முறை உள்ளிருந்தே தட்டிய பெண் ஒருவரும் உண்டு. நாம் திரையில் பார்த்தவர்தான். ‘தண்ணீர் தண்ணீர்’ சரிதா. பள்ளியில் படிக்கும் வயதிலேயே, 1975இல், அவருக்குத் திருமணமாகிவிட்டது. விரைவிலேயே பிரிந்துவிட்டார். நடிகையாகப் பெயர் பெற்ற பிறகு, மனைவி தன்னோடு வந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று கணவர் கடப்பா நீதிமன்றத்துக்குப் போனார். இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவு அதற்கு இடமளிக்கிறது, இன்றும் அளிக்கிறது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி அந்தப் பிரிவையே செல்லாது என்றார். ஒரு பெண்ணின் உடலை யார் எப்போது தொடலாம் என்ற முடிவை அவளிடமிருந்து பறித்து அரசின் கையில் கொடுக்கிறது இந்தச் சட்டம். அது அந்தரங்கத்தின் மீதான தாக்குதல் என்றார். புட்டசாமிக்கு 34 வருடம் முன்பே! அதே வருடமே டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு மறுப்பு எழுதியது. குடும்பத்துக்குள் அரசியல் சாசனத்தைக் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளையை அவிழ்த்துவிடுவதைப் போன்றது என்றது. (அந்தக் கடையின் பீங்கானைத் தினமும் கழுவித் துடைத்தது யார் என்று நீதிபதி யோசித்தாரா, தெரியாது.) 1984இல் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமும் 9ஆவது பிரிவை உறுதி செய்தது. சட்டக் கல்லூரி மாணவிகளே, இந்த வரிசையைச் சேர்த்து வைத்துப் படியுங்கள். அந்தரங்க உரிமையின் வரலாறு கரக் சிங்கில் தொடங்கி நேராகப் புட்டசாமிக்கு வருவதாகத்தான் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரிதா அதில் ஓர் அடிக்குறிப்பு.

2017 தீர்ப்பு மூன்று சோதனைகளை வைத்தது. அந்தரங்கத்துக்குள் அரசு நுழைய வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், நுழைவு நோக்கத்தின் அளவை மீறக் கூடாது. நல்ல சோதனைகள்தாம். எங்கள் விடுதிக் கேமராவுக்கு இதை வைத்துப் பார்த்தேன். நோக்கம் நியாயம். அளவும் மீறவில்லை, வாசலில் ஒரே ஒரு கேமரா. தேறிவிடுகிறது! நடந்த அநியாயம் கேமரா பார்த்ததில் இல்லை, பார்த்தது நகர்ந்த திசையில் இருந்தது. வாசலிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து செல்போனுக்கு, செல்போனிலிருந்து அப்பாவுக்கு. பெண்ணைப் பற்றி யார் சேகரிக்கும் தகவலும் கடைசியில் அவளுடைய குடும்பத்துக்கும் சாதிக்கும் போய்ச் சேர வாய்க்கால் வெட்டித் தயாராக இருக்கிறது. ‘பாதுகாப்பா, அந்தரங்கமா’ என்று தராசைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இந்த வாய்க்காலைப் பார்ப்பதே இல்லை.

அரசே அந்த வாய்க்காலைத் திறந்துவிட்டதை இரண்டு முறை கண்ணெதிரே பார்த்தோம். 2019 பொள்ளாச்சி. பெண்களை வீடியோ எடுத்து மிரட்டிய கும்பலைப் பற்றிப் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை மாவட்டக் காவல் அதிகாரி செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அது அச்சானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஐந்தாண்டு கழித்து, 2024 டிசம்பரில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். அந்த முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு காவல் துறை இணையதளத்திலிருந்து வெளியே வந்து செல்போன் செல்போனாகப் பரவியது. பாலியல் குற்ற வழக்கின் அறிக்கையை இணையத்தில் ஏற்றவே கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொன்னது. அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். புதிய குற்றவியல் சட்டங்களுக்கு மாறியபோது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மீண்டும் 25 லட்சம் இழப்பீடு என்றது. இரண்டு முறையும் அதே தொகை. நமக்கு ஒரு விலைப்பட்டியல் தயாராகிவிட்டதோ என்று தோன்றியது.

அந்த அறிக்கையை எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். மூவரும் நல்லவர்கள், கோபத்தில் அனுப்பினார்கள். திறக்காமல் அழித்தேன் என்று சொல்ல ஆசை. முதல் முறை திறந்துவிட்டேன். ஒரு பெண் தன் வாழ்க்கையின் மிக மோசமான இரவைப் போலீஸ்காரரிடம் சொல்லியிருக்கிறாள், அவர் அதைத் தன் மொழியில் எழுதியிருக்கிறார். பாதியில் மூடினேன். அந்த மொழி பாதிக்கப்பட்டவள் மீதே பழி விழும்படி இருக்கிறது என்று நீதிமன்றமும் கண்டித்தது. வளாகத்தில் இன்னும் கேமரா வேண்டும் என்ற குரல் அதே வாரம் எல்லாக் கட்சிகளிடமிருந்தும் எழுந்தது. ஒரே ஒரு பெண் தானாக வந்து கொடுத்த ஒரே ஒரு காகிதத்தைக் காப்பாற்ற முடியாதவர்களிடம் இன்னும் ஆயிரம் கண்களைக் கொடுங்கள் என்கிறார்கள். குற்றவாளிக்கு அடுத்த ஜூனிலேயே ஆயுள் தண்டனை கிடைத்தது. அது நல்ல செய்தி. அடுத்து ஒருத்தி புகார் கொடுக்க நினைக்கும்போது அவள் மனதில் முதலில் வருவது அந்தத் தண்டனையா, பரவிய அந்தக் காகிதமா?

இதெல்லாம் படித்த, வசதியான பெண்களின் கவலை, ஏழைப் பெண்ணுக்கு அரிசிதான் முக்கியம் என்று வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள். புட்டசாமி வழக்கில் அரசும் ஏறக்குறைய இதையே வாதாடியது, நீதிமன்றம் ஏற்கவில்லை. நான் அவளுக்குத் தீர்ப்பைச் சொல்லவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரைச் சொன்னேன். குற்றப் பழங்குடிச் சட்டத்தை எங்கள் பக்கம் ‘ரேகைச் சட்டம்’ என்பார்கள். பிறந்த சாதிக்காகவே ஊர் முழுக்கக் கைரேகை பதிய வேண்டும், பதிந்த ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அவர்களில் யாரும் வசதியானவர்கள் இல்லை. கண்காணிப்பு எப்போதும் கீழே இருப்பவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. இன்று ரேஷன் கடையில் விரல் வைக்கும் பாட்டிக்குக் களையெடுத்துத் தேய்ந்த ரேகை இயந்திரத்தில் விழுவதில்லை என்றால், அவளிடம் அரிசியையும் அந்தரங்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச முடியாது.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திடம் நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை. தான் விரும்பும் எந்த அரசு அமைப்புக்கும் விலக்கு கொடுக்க அது ஒன்றிய அரசுக்கு வழிவிடுகிறது. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று காரணம் சொல்லி அதிகாரிகள் மறுப்பதை இன்னும் எளிதாக்கிவிட்டது. அந்தரங்கம் என்ற சொல்லை அரசும் கற்றுக்கொண்டது, தன்னை மறைத்துக்கொள்ள.

நம்பிக்கை எனக்கு வேறொரு இடத்திலிருந்து வந்தது. அதே 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு, இளவரசன் என்பவர் தொடுத்தது. (தருமபுரி இளவரசன் இல்லை. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது.) நம் சுயமரியாதைத் திருமணத்துக்கு, அண்ணா காலத்தில் 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, புரோகிதர் வேண்டாம்; உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் மாலை மாற்றினால் போதும். ஆனால் வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. குடும்ப எதிர்ப்புக்குப் பயந்து வரும் இருவரை ஊரறிய அறிவித்துவிட்டுத்தான் மணக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அவர்கள் உயிருக்கே ஆபத்து என்றது. இதை 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். அங்கே அதிகாரி 30 நாள் அறிவிப்பு ஒட்டுகிறார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆட்சேபம் சொல்லலாம். சாதி கடந்து மணக்கும் பெண்ணுக்கு அந்த 30 நாள் எவ்வளவு நீளம் என்று நம் ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அந்த அறிவிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை மணப்பவர்களே தீர்மானிக்கட்டும் என்றது. இவை புட்டசாமியை மேற்கோள் காட்டும் தீர்ப்புகளைவிடச் சிறியவை. ஆனால் இவற்றில்தான் ‘அப்பாவுக்கு யார் சொல்வது?’ என்ற கேள்வியைச் சட்டம் நேராகப் பார்க்கிறது.

போன வருடம் வேறொரு கல்லூரியில் இருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் தொல்லை என்று மாணவிகள் நால்வர் கேமரா கேட்டு மனு எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு வந்தார்கள். மறுக்க எனக்கு மனமில்லை, தொல்லை உண்மை. மனுவோடு நான்கு வரி சேர்க்கச் சொன்னேன். பதிவை யார் பார்க்கலாம் என்று எழுதி ஒட்ட வேண்டும். 15 நாளில் அழிக்க வேண்டும். புகார் கொடுத்தவள் கேட்டால் அவளுக்குக் காட்ட வேண்டும். மாணவியின் சம்மதம் இல்லாமல் குடும்பத்தார் யாருக்கும் காட்டவோ அனுப்பவோ கூடாது. நால்வரும் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பத்து நாளில் ஒப்புதல் வந்தது. முதல் மூன்று வரிக்கும் பச்சை மையில் சரி போட்டிருந்தார்கள். நான்காவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில், ‘பெற்றோருக்குத் தெரிவிப்பது நம் கடமை’ என்று எழுதியிருந்தார்கள்.

மாணவிகள் அந்த வரியை மட்டும் தனித்தாளில் எழுதி மறுபடி கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை அதில் 63 கையெழுத்து.